ஏர் பிஸ்டல் ட்ரிக்கரை வீட்டில் தேய்க்கும் முன்

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் பட்டறையில் பழகிய கைக்கு ஒரு ஷாஃப்டை எமரி தாள் போட்டுப் பளபளப்பாக்குவது சாதாரண வேலைங்க. அதே கையோடு 10 மீட்டர் ஏர் பிஸ்டலைத் திறந்து சியரைத் தேய்த்தால்தான் வினை.

ட்ரிக்கரை அழுத்தும்வரை பிஸ்டலுக்குள் இருக்கும் சுத்தியலைப் பிடித்து நிறுத்துவது சியர். அதன் பிடிப்பு விளிம்பு நகக்கண் அளவுதான். பல சியர்களில் மேல்தோல் மட்டுமே பதம் ஏறிய, அதாவது கடினமாக்கிய இரும்பு. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது தேய்ந்தால் அடியில் மெத்தென்ற இரும்பு. விளிம்பு மழுங்கி, லேசாகத் தட்டினாலே பிஸ்டல் சுட்டுவிடும். கைக் கிரைண்டர் இன்னும் மோசம்: விளிம்பில் வைக்கோல் நிறம் தெரிந்தால் சூடு 200 டிகிரியைத் தாண்டி, பதம் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். குறுக்குக் கீறல் விழுந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அன்றைக்கே முறியாது. மாதங்கள் கழித்து முறியும்போது தேய்த்தது யாருக்கும் நினைவிருக்காது.

ட்ரிக்கர் கரகரவென்றிருந்தால் இப்படிப் பாருங்க:

1. காற்று சிலிண்டரைக் கழற்றுங்கள். லீவரைத் திறந்து, குண்டில்லை என்று கண்ணால் பாருங்கள். குண்டு டப்பா வேறு அறையில் இருக்கட்டும்.

2. பழைய எண்ணெயைத் துடைத்து, கையேடு சொல்லும் எண்ணெயை ஊசிமுனையில் ஒரு சொட்டு. ட்ரிக்கரை இழுக்க வேண்டிய எடையை மாற்றும் திருகின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். சியர் பிடிப்புத் திருகைத் தொடாதீர்கள்.

3. ட்ரை ஃபயர் (குண்டில்லாமல் ட்ரிக்கரை இழுத்துப் பழகும்) நிலையில் வைத்து, குழலை மேல்நோக்கி நிமிர்த்தி, ட்ரிக்கரில் 500 கிராம் எடை மாட்டித் தூக்குங்கள். சுத்தியல் விழக் கூடாது. போட்டி விதியும் அதுதான். பிறகு பிடியை உள்ளங்கையால் தட்டுங்கள். அதிலும் விழக் கூடாது. ட்ரை ஃபயர் வசதியில்லாத ஸ்பிரிங் பிஸ்டலில் இதைச் செய்ய வேண்டாம்; குண்டில்லாமல் விட்டால் பிஸ்டன் மோதிக் கெடும்.

4. விரிசல் சந்தேகமா? எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவுங்கள். சற்று நேரத்தில் வெள்ளையில் முடி போல் ஒரு கறுப்புக் கோடு ஊறி வந்தால் அது விரிசல்.

ஏற்கெனவே தேய்த்தாயிற்றா? சியரையும் அது பிடிக்கும் பாகத்தையும் சேர்த்துப் புதிதாக மாற்றுங்கள். பதம் போடும் பட்டறையில் திரும்பக் காய்ச்சினால் இவ்வளவு சின்னப் பாகம் கோணிக்கொள்ளும்.

தோட்டா பிஸ்டல் என்றால் பேச்சே இல்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுக்காரரிடம் கொடுங்கள்.

சுடும் ரேஞ்சில் குண்டு போட்ட நிலையில் ஏதாவது முறிந்தால் திறக்காதீர்கள். குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரலை வெளியே எடுத்து, மறு கையைத் தூக்கி ரேஞ்ச் அலுவலரைக் கூப்பிடுங்கள்.