விமானப் பதிவெண் பட்டியல்: பழைய எண்ணை அழிக்காதீர்கள்

மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் சிலர், விமானங்களின் உடலில் எழுதியிருக்கும் பதிவெண்களை நாங்கள் தொகுக்கும் பட்டியல் வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். குர்லா மொட்டைமாடிகளில் நின்று, இறங்கும் விமானங்களைப் படம் பிடிப்பவர்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்கள் விழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். எழுத்துப்பிழையை எல்லாம் விடுங்கள், அது யார் கண்ணிலாவது பட்டுச் சரியாகிவிடும்.

பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். விமானம் நாடு மாறினால் பதிவெண் மாறும். ஏர் இந்தியாவின் போயிங் 747 விமானம் ஒன்று 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது, நினைவிருக்கிறதா? நம் நாட்டுப் பதிவில் அது விடி-இவிஏ. அமெரிக்கப் பதிவில் அதற்கு 'என்' எழுத்தில் தொடங்கும் எண். புதிதாக வந்தவர் விடி-இவிஏவை அழித்து, அதே கட்டத்தில் புதிய எண்ணைப் போடுகிறார். பழைய புகைப்படம் வைத்திருப்பவர் தேடுகிறார். அப்படி ஒரு விமானமே இல்லை என்கிறது பட்டியல். சரி, விட்டுப்போயிருக்கிறது என்று அவர் புதிய வரி சேர்க்கிறார். ஒரே விமானம் இரண்டாகிவிட்டது!

கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் 2023 மே மாதம் பறப்பதை நிறுத்தியது. அடுத்த ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் 54 விமானங்களைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னது. அவை வெளிநாட்டு எண்களுக்கு மாறத் தொடங்கியதும், எங்கள் தம்பி ஒருவர் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிட்டார். காலையில் பார்த்தால் அந்த நிறுவனத்தின் பக்கம் காலி. 'அப்டேட் பண்ணிட்டேண்ணா' என்று பெருமையாக வேறு சொன்னார். கையிலிருந்த நகலோ ரொம்பப் பழசு. புகைப்படங்களைத் தோண்டித் தோண்டித்தான் பழைய எண்களை மீட்டோம்.

விமானத்தின் நிரந்தர அடையாளம், தயாரிப்பாளர் அதற்குக் கொடுக்கும் தயாரிப்பு வரிசை எண். பதிவெண்களைத் தனி அட்டவணையில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று வையுங்கள். எண் மாறினால் பழைய வரியை முடித்துவிட்டுப் புது வரி தொடங்க வேண்டும், அவ்வளவுதான். கைவிட்ட பதிவெண் பின்னால் வேறு விமானத்துக்கே போகலாம் என்பதால் தேதி கட்டாயம். வரிசை எண்ணையும் தனியாக நம்பக் கூடாது. ஏர்பஸ்ஸில் ஏ320 குடும்பத்துக்கு ஒரு வரிசை, ஏ330க்கு வேறு வரிசை. ஒரே எண் இரண்டிலும் வரும். தயாரிப்பாளர், ரகம், வரிசை எண் மூன்றும் சேர்ந்தால்தான் அடையாளம்.

வர்ணத்தைப் பார்த்து நிறுவனத்தை எழுதுவது

2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தது. விமானங்களின் பதிவெண் அப்படியே இருந்தது, ஊதா வர்ணமும் உடனே போய்விடவில்லை. அன்று மாறியது இயக்கும் நிறுவனம்தான். அப்புறம், இயக்குபவர் வேறு, உரிமையாளர் வேறு. குத்தகை விமானத்துக்கு இரண்டு கட்டங்களையும் நிரப்புங்கள்.

வானத்தில் பார்த்த நாளைப் பதிவு நாளாகப் போடுவது

முதல் பறப்பு, பதிவு, ஒப்படைப்பு, சேவைத் தொடக்கம் என நான்கு தேதிகள் இருக்கின்றன. பதிவு நாளுக்கு, இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் பட்டியலைப் பாருங்கள்.

பதிவு நீங்கியதும் 'உடைக்கப்பட்டது' என்று போடுவது

பதிவு நீங்கினால் விமானத்தை உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, வேறு நாட்டுக்கு விற்றிருக்கலாம். ஆதாரம் வரட்டும்.

ஓவும் பூஜ்யமும்

அமெரிக்க எண்களில் ஐ, ஓ என்ற ஆங்கில எழுத்துகளே கிடையாது. அங்கே தெரிவது 1 அல்லது 0.