புள்ளியிட்ட பரப்பை எழுத்தில் காட்டுவது எப்படி? தொடக்க நிலையினருக்கு ஒரு செய்முறை

காடை முட்டை, சுங்குடிச் சேலை, கனிந்த வாழைப்பழம், சேறு தெறித்த சுவர், சிறுத்தையின் தோல். இத்தனைக்கும் “புள்ளிகள் நிறைந்த” என்ற ஒரே தொடரைப் போட்டுவிட்டு நகர்கிறவர்கள் அதிகம். படிப்பவரின் கண்ணில் ஒன்றும் தெரிவதில்லை. தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற ஒழுங்குதான் வேண்டும். கதை எழுதுகிறவர், துணி விற்கக் குறிப்பு எழுதுகிறவர், செடிக்கு வந்த நோயை வேளாண் அலுவலரிடம் விளக்க வேண்டியவர் என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசை கைகொடுக்கும்.

படி 1: அடிநிறத்திலிருந்து தொடங்குங்கள்

புள்ளிமானுக்குச் செம்பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி. சிறுத்தைக்கு வெளிர்மஞ்சள் உடலில் கறுப்புப் புள்ளி. ஒன்றில் புள்ளி வெளிச்சம், மற்றதில் புள்ளி இருட்டு. அடிநிறத்தைச் சொல்லாமல் புள்ளியை மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது. மாடு வளர்ப்பவர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலை மாட்டைச் செம்மறை என்பார்கள்: செந்நிற உடல், அதில் வெள்ளைத் திட்டுகள்.

படி 2: அளவையும் விளிம்பையும் பாருங்கள்

மிகச் சிறியது பொடிப்புள்ளி. விரல்நுனியால் மறைக்கக்கூடியது பொட்டு. அதைவிடப் பெரிதாக, ஒழுங்கற்ற வடிவில் இருந்தால் திட்டு. இடைப்பட்டவற்றுக்குப் புள்ளி என்பதே போதும். பழைய சொற்களில், புள்ளியைக் குறிக்கும் புகர், பொறி இரண்டும் எனக்கு மிகப் பிடித்தவை. சங்கப் புலவர்கள் யானையைப் “புகர்முக யானை” என்றார்கள். ஆசிய யானைக்கு வயதேற ஏற நெற்றியிலும் துதிக்கையிலும் காதோரத்திலும் நிறமி குறைந்து இளஞ்சிவப்புப் பொடிப்புள்ளிகள் தோன்றும். கோயில் யானையின் அருகில் போய் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை விளங்கும்.

விளிம்பில்தான் தொடக்க நிலையினர் கோட்டை விடுகிறார்கள். மதுரைச் சுங்குடியைக் கையில் எடுத்து ஒரே ஒரு புள்ளியை உற்றுப் பாருங்கள். துணியை நுனிவிரலால் சிறிது கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றிக் கட்டி, பிறகு சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்தால் அங்கே வெளிர்நிறப் புள்ளி. ஆனால் அது அச்சடித்த வட்டம் போல இருக்காது. சாயம் நூலுக்கு அடியில் சிறிது கசிந்திருப்பதால் விளிம்பு மங்கலாகக் கரைந்திருக்கும். ஒரு புள்ளி இன்னொன்றைப் போல இருக்காது. புதுச்சேலையாக இருந்தால் கிள்ளிய இடம் லேசாகப் புடைத்து, சுருக்கம் விரலில் தட்டும். அச்சுச் சுங்குடியில் விளிம்பு கத்தரித்தாற்போல் நிற்கும், துணி தட்டையாக இருக்கும். “மங்கலான விளிம்புள்ள, ஒன்றுபோல் ஒன்றில்லாத வெண்புள்ளிகள்” என்று எழுதினால் அது கையால் கட்டியது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயலிலும் விளிம்பு பேசும். நிலக்கடலையில் டிக்கா என்று விவசாயிகள் சொல்லும் இலைப்புள்ளி நோயில் இரண்டு வகை உண்டு. முன்பருவப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாக இருக்கும். பின்பருவப் புள்ளி கூடுதல் கறுப்பாக இருக்கும், வளையம் மங்கியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தொலைபேசியில் “இலையில் புள்ளி” என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு என்ன புரியும்?

சிறுத்தையை எழுதும்போதும் கவனம் வேண்டும். அதன் தலையிலும் கால்களிலும் இருப்பவை முழுப் புள்ளிகள். விலாவில் இருப்பவை நடுவில் உடல்நிறம் தெரியும் உடைந்த வளையங்கள். சிவிங்கிப் புலிக்கோ உடல் முழுதும் கெட்டியான கறுப்புப் பொட்டுகள்.

படி 3: எப்படிக் கிடக்கின்றன?

இதற்குக் கோலத்தைவிட நல்ல பாடம் இல்லை. ஒன்றின் கீழ் ஒன்று நேராக வந்தால் நேர்ப்புள்ளி. மேல்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் கீழ்வரிசைப் புள்ளி வந்தால் ஊடுபுள்ளி. “ஊடுபுள்ளி, 7 முதல் 4 வரை” என்றால் கோலம் போடத் தெரிந்த யாருக்கும் முழு அமைப்பும் கண்முன் வந்துவிடும். இயற்கையில் இந்த ஒழுங்கு அரிது. அங்கே விரவிக் கிடக்கும், இறைந்து கிடக்கும், ஓரிடத்தில் மொய்த்து மற்றோரிடத்தில் அருகிப் போகும். புள்ளிமானின் உடலில்கூட விலாவின் கீழ்ப்பகுதியில் புள்ளிகள் நெருங்கிச் சேர்ந்து விட்டுவிட்டு ஓடும் கோடாகத் தெரியும்.

படி 4: வினைச்சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். தமிழில் ஒவ்வொரு வகைப் புள்ளிக்கும் அதற்கே உரிய வினை இருக்கிறது. அந்த வினை, புள்ளி எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பெயர்ச்சொல் சற்று முன்பின்னாக இருந்தாலும் வினை சரியாக அமைந்தால் வாக்கியம் நிற்கும்.

பழத்தில் புள்ளி விழும், முகத்தில் மங்கு விழும். தேமல் படரும், பாசியும் படரும். கறை படியும், தூசியும் படியும். இரும்பில் துரு ஏறும், செம்பில் களிம்பு ஏறும். சுவரில் உப்புப் பூக்கும், ரொட்டியில் பூசணம் பூக்கும், தணலின் மேல் சாம்பல் பூக்கும்.

பூத்தல் என்ற வினையைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். சுவருக்குள் ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, ஈரம் உலரும்போது வெளிப்பரப்புக்கு வந்து வெள்ளைப் பொருக்காக நின்றுவிடுகிறது. இப்படி உள்ளேயிருந்து வெளியே வருவதற்கு நம் முன்னோர் இந்த வினையைக் கொடுத்திருக்கிறார்கள். அதே சுவரில் சுண்ணாம்பு வெளியிலிருந்து பட்டிருந்தால் அது பூத்தது ஆகாது, தெறித்தது. தெறித்த துளிக்குச் சாய்வாகப் பட்ட இடத்தில் வால் உண்டு, வால் நீளும் பக்கமே துளி போன திசை. தூவியதற்கு அந்த வால் இருக்காது.

வினையால் மட்டுமே ஒரு தோலை வரைந்து காட்டிய இடம் குறுந்தொகையின் 47-ஆம் பாட்டு. கரிய அடிமரத்தை உடைய வேங்கையின் பூக்கள் உகுந்து கிடக்கும் குண்டுக்கல், நிலவொளியில் புலிக்குட்டியாகத் தோன்றுகிறது. புள்ளி என்றோ வரி என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. “வீ உகு துறுகல்” என்பதில் உள்ள உகுதல்தான் கல்லின் மேல் மஞ்சளைச் சிதற விடுகிறது.

படி 5: தொட்டுப் பாருங்கள், பிறகு பெயரிடுங்கள்

விரலில் தட்டுப்படுகிறதா? மறு என்பது தோலோடு தோலாக இருக்கும் நிறப்புள்ளி, நிலவில் தெரிவதும் மறுவே. மரு என்பது தோலிலிருந்து புடைத்து நிற்பது. ஓர் எழுத்து மாறினால் தட்டையானது மேடாகிவிடும். தேமலைத் தடவினால் மெல்லிய செதில் உதிரும்.

மனிதத் தோலைப் பற்றி எழுதும்போது ஒரு வேண்டுகோள். நிறமி இழந்த வெள்ளைத் திட்டுகளை வெண்புள்ளி என்றே எழுதுங்கள். பழைய பெயரில் “குட்டம்” ஒட்டிக்கொண்டிருப்பதால் பலர் அதைத் தொழுநோயோடு சேர்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை, அது யாருக்கும் தொற்றவும் செய்யாது.

பயிற்சி

ஒரு காடை முட்டையை வாங்கி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். காடையின் உடலுக்குள் ஓடு உருவாகி முடியும் தறுவாயில் நிறமி மேலே படிகிறது. வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்துத் துடைத்தால் அந்தப் புள்ளிகள் கையோடு வந்துவிடும். ஆகவே இங்கே உரிய வினை படிதல். இப்போது ஐந்து படிகளையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

“வெளுத்த சந்தன நிற ஓடு. அதன் மேல் கரும்பழுப்புத் திட்டுகள் ஒழுங்கின்றிப் படிந்திருந்தன. பருத்த பக்கத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்து கிடந்தன. கூரிய பக்கம் போகப் போக அருகி, கடைசியில் மிளகுப்பொடி தூவினாற்போல் பொடிப்புள்ளிகளாக முடிந்தன. விரலால் தடவினால் திட்டும் ஓடும் ஒரே வழவழப்பு.”

உங்கள் முட்டையில் திட்டுகள் வேறு விதமாக இருக்கும், இருப்பதையே எழுதுங்கள். அடுத்து, பழைய வீடுகளில் உள்ள மொசைக் தரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கற்சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பதித்து, கெட்டியானபின் மெஷினால் தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள். அதனால் சில்லுகளின் விளிம்பு கோணல்மாணலாக, ஆனால் கூர்மையாகத் தெரியும். “புள்ளி” என்ற சொல்லே வராமல் ஐந்து வாக்கியங்களில் அதை எழுதிப் பாருங்கள்.