மாநிறத்தைச் சாம்பலாக்கும் வெள்ளை: தைலவண்ண உருவப்படத்தில் தவிர்க்க வேண்டியவை

தைலவண்ணத்தில் முகம் வரையத் தொடங்குபவர்களின் படங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படுகிறது. சாயல் சரியாக வந்திருக்கும். தோல் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறியிருக்கும். வெளிச்சம் படும் இடம் என்றதும் கை டைட்டானியம் வெள்ளைக்குப் போய்விடுவதுதான் காரணம். அந்த வெள்ளை, நிறத்தை வெளுக்கச் செய்வதோடு அதிலுள்ள செம்மையின் சூட்டையும் எடுத்துவிடும். மாநிற நெற்றியில் மிஞ்சுவது சாம்பல். 'ஃபிளெஷ் டின்ட்' என்ற பெயரில் வரும் இளஞ்சிவப்பு ட்யூபும் நம் தோலுக்கு உதவாது.

பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரின் நீலம் ஆகிய மூன்றிலிருந்து தொடங்குங்கள். சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்தால் ஏறக்குறையக் கறுப்பே கிடைக்கும். நிழலுக்கு அது போதும். வெளிச்சத்துக்கு முதலில் ஓக்கர், பிறகு சிறிது சிவப்பு, கடைசியில்தான் துளி வெள்ளை. சன்னலோரம் அமர்ந்திருக்கும் கரிய முகத்தின் கன்னத்தை உற்றுப் பாருங்கள்: மினுங்கும் இடத்தில் வானத்தின் நீலம் தெரியும், அதை ஒட்டியே தோல் செம்பழுப்பாக இருக்கும். அழகுக்காகத் தோலை வெளுப்பாக்கி வரைந்தால் அது வேறொருவரின் முகமாகிவிடும். எதிரில் அமர்ந்தவருக்கு அதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

ட்யூப்கள் அதிகம் இருந்தால் படம் சிறக்கும் என்பதும் தவறான எண்ணம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் (1860–1920) பல உருவப்படங்களை ஓக்கர், வெர்மிலியன் என்ற சிவப்பு, கறுப்பு, வெள்ளை ஆகிய நான்கே வண்ணங்களில் தீட்டினார். சிவப்புக்கு அருகில் அந்தக் கறுப்பே நீலமாகத் தெரியும்.

கண்களைப் பலர் நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் அவற்றின் இடம். விழி வெண்மைக்குத் தூய வெள்ளை வேண்டாம். மேலிமையின் நிழல் அதன்மேல் விழுகிறது.

தைலவண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. எனவே முதல் பூச்சுகளில் டர்பன்டைன் சேர்த்து எண்ணெயைக் குறையுங்கள், மேலே போகப் போகக் கூட்டுங்கள். மாற்றிச் செய்தால் அடிப்பூச்சு இறுகும் முன்பே மேற்பூச்சு உலர்ந்து, பின்னாளில் விரிசல் விடும். வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.