இனிஷியலால் வந்த வினை

அமெரிக்க மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவர் இடங்களை ஒதுக்கும் ‘மேட்ச்’சின் முடிவு மார்ச்சில் வந்தது. இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்), பயிற்சிக்காகப் போகிறவர்களுக்கான ஜே-1 விசா. வேலை விசாவான எச்-1பி பற்றி யோசிக்கவே இல்லை. அதற்கு அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வையும் முடித்திருக்க வேண்டும், நான் எழுதவில்லை. ஜே-1க்குப் பிறகு இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சிக்கல் பெயரில் இருந்தது. நம் ஊர் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும். குடும்பப் பெயர் கட்டம் காலி. வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான இசிஎஃப்எம்ஜியின் பதிவில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருந்தேன். ஜே-1 மருத்துவர்களுக்கு விசாவுக்குத் தேவையான டிஎஸ்-2019 படிவம் தருவது அவர்கள்தான். அதில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஜூலை 1 வேலையில் சேர வேண்டும், வயிறு கலங்கிவிட்டது.

எந்தப் பக்கம் திருத்துவது? பதிவில் அப்பா பெயரை நீக்கினால் விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’, அதாவது முதற்பெயர் தெரியாது, என்று விழும். அந்த வாலோடு வங்கி, ஓட்டுநர் உரிமம் என்று அலைய விருப்பமில்லை. ஆகவே பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குக் கொடுத்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தேன். புதியது கைக்கு வந்த அன்றே நகலை இசிஎஃப்எம்ஜிக்கு அனுப்பினேன்.

காத்திருந்த நாட்களில் ஜே-1க்கு வேண்டிய, இந்தத் துறை மருத்துவர்கள் நாட்டுக்குத் தேவை என்று டெல்லி சுகாதார அமைச்சகம் தரும் தேவைச் சான்றிதழுக்கான தாள்களைத் திரட்டினேன். அதில் மருத்துவத் துறையின் பெயரும் மருத்துவமனை ஒப்பந்தத்தில் உள்ளது போலவே இருக்க வேண்டும். அதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜூன் மூன்றாம் வாரம் விமானம் ஏறினேன்.