ஒரே பிக்கை விட்டேன், வாசிப்பு தெளிந்தது

அக்கூஸ்டிக் கிட்டாரில் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) அடிக்கச் சுகமாக இருந்த 0.46 மி.மீ. தடிமன் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு), தனி ஸ்வரங்களை வேகமாக வாசிக்கப் போனால் வளைந்துகொடுத்துப் பின்தங்கியது. போதாததற்கு ‘டப் டப்’ என்று பிளாஸ்டிக் சத்தம் வேறு. தடிமனானதுக்கு மாறினால், கம்பிகளை மொத்தமாக வருடி வாசிக்கும் ஸ்ட்ரம்மிங் முரட்டுத்தனமாகிவிட்டது.

சரி, எல்லாவற்றுக்கும் ஒன்றே வேண்டாம் என்று பிரித்துக்கொண்டேன். ஸ்ட்ரம்மிங்குக்கு 0.60, மெலடிக்கு 1.14. இரண்டும் கலந்து வரும் பாட்டென்றால் பச்சை நிற 0.88 டார்டெக்ஸ் (டன்லப் நிறுவனத்தின் ஒரு பிக் வகை), விரல் வியர்த்தாலும் எனக்கு அது நழுவுவதில்லை.

அப்புறம் பிடி. நுனி மூன்று, நான்கு மி.மீ. மட்டும் வெளியே தெரியப் பிடித்து, கம்பிக்கு லேசாகச் சாய்த்து வாசித்தால் தடித்த பிக்கும் சிக்காமல் வழுக்கிப் போகும். இன்னும் மென்மை வேண்டுமா? பிக்கைத் திருப்பி, உருண்டையான தோள்பக்கத்தால் வாசித்துப் பாருங்கள். கூர்முனையின் கிணுகிணுப்பு அடங்கி, ஸ்வரம் கனமாக, இதமாக விழும்.