உள்நோக்கிக் குவியும் சோனோபே பந்து

சென்னைப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் மெல்லிய வண்ணத்தாள் வாங்கி, 7.5 செ.மீ. பக்கமுள்ள 30 சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள்; அழைப்பிதழ் அட்டை வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். ஒவ்வொன்றையும் சோனோபே அலகாக (பசையின்றி ஒன்றோடொன்று செருகிக் கோக்கும் ஓரிகாமித் துண்டு; இரு முனைகளிலும் நாக்கு, நடுவில் அவற்றைச் செருக இரு பைகள்) மடித்தபின், பைகள் வெளிப்பக்கமே இருக்க, இறுதி மடிப்புகள் மூன்றையும் எதிர்த்திசையில் திருப்புங்கள். மூன்று அலகுகளின் நாக்குகளை ஒன்றின் பையில் மற்றொன்றாகச் செருகினால், வழக்கமாகத் துருத்தி நிற்கும் கூம்பு குழியாக உள்ளே இறங்கும். ஒவ்வொரு முனையைச் சுற்றியும் ஐந்து குழிகள் அமையுமாறு தொடர்ந்தால், 20 குழிகளுடன் பந்து மூடும். இதையே 12 அலகுகளில் செய்தால், எட்டுக் குழிகளின் நுனிகளும் சரியாக மையத்தில் முட்டிக்கொள்வதால், தாளின் தடிமனுக்குக்கூட இடமிராது. 30 அலகுப் பந்தின் கடைசி மூன்று அலகுகளுக்குச் சாமணம் தேவைப்படும். காசிமேட்டுக் கடற்காற்றில் தாள் நமுத்துத் தளர்வதால், மழைக்காலத்தில் இதைத் தொடங்காதிருப்பதே நல்லது.