இல்லாத கோயிலைச் செம்பில் கட்டுவது

செம்புத் தகட்டில் கோடு கீறி, அரித்து, அச்செடுக்கிற படத்துக்குக் கற்பனைக் கட்டடம் வரையச் சொன்னால் எல்லாரும் கோபுரத்தின் மேல் கோபுரமாக அடுக்குகிறார்கள். என்னிடம் படிக்க வருகிறவர்களை முதலில் கழுகுமலைக்கு அனுப்பிவிடுவேன். அங்கே வெட்டுவான் கோயிலை 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர்கள் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கினார்கள். சிகரமும் பூதகணங்களும் மத்தளம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியும் முடிந்துவிட்டன; அடிப்பகுதி பாறையாகவே நிற்கிறது. அங்கே உட்கார்ந்து பென்சிலை எடுங்கள். இன்னும் இரண்டு தளம் கீழே இறங்கியிருந்தால் தூண் எங்கே வந்திருக்கும்? தூணின் தலையில் உட்காருகிற போதிகை எதைத் தாங்கியிருக்கும்? கல்லின் கனத்தை எது சுமக்கிறது என்று காட்டிவிட்டால் மற்ற பொய்யெல்லாம் செல்லும்.

அப்புறம் தகடு. பாத்திரக் கடை அண்ணாச்சியிடம் ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகடு வெட்டி வாங்குங்கள். ஓரங்களை அரத்தால் சரித்துத் தேயுங்கள். இல்லாவிட்டால் அச்சில் காகிதம் கிழியும். சாக்பீஸ் தூளும் வினிகரும் வைத்து, தண்ணீர் திட்டுத் திட்டாகப் பிரியாமல் நிற்கும்வரை எண்ணெய்ப் பசையை எடுங்கள். தகட்டைச் சூடாக்கி மெழுகு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறுங்கள். செம்பைத் தோண்ட வேண்டாம்.

படம் அச்சில் இடவலம் மாறும். மண்டபத்தில் நடராஜர் உண்டென்றால் தகட்டில் வலக்காலைத் தூக்கி வரையுங்கள். இல்லாவிட்டால் காகிதத்தில் கால் மாறி ஆடுவார். மதுரை வெள்ளியம்பலத்துக்கு அது சரி, நம்ம திருநெல்வேலித் தாமிர சபைக்கு ஆகாது.

கீறின கோடுகளில் செம்பை அரிக்க ஃபெரிக் குளோரைடு கரைசல். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் கேளுங்கள். பிளாஸ்டிக் தட்டு, கையுறை கட்டாயம். தகட்டின் மூலைகளுக்கு முட்டுக் கொடுத்துக் கவிழ்த்து வைத்தால் கசடு கோட்டில் தங்காது. தூரத்துச் சிகரம் மெல்லிய கோடாக வர வேண்டும்; அதனால் கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கழுவி, காயவைத்து, அந்த இடத்தை மட்டும் வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி இறக்குங்கள். முன்னால் நிற்கிற தூண்கள் கடைசிவரை ஊறட்டும். புத்தகத்தில் போட்டிருக்கிற நிமிடக் கணக்கை நம்பாதீர்கள். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் வேகமாக அரிக்கும். ஒரு துண்டுத் தகட்டில் முதலில் சோதியுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் வையுங்கள், திரும்பவும் உதவும்.

டர்பன்டைனால் மெழுகைத் துடைத்து, கோடுகளுக்குள் மை ஏற்றி, கஞ்சி போட்ட மஸ்லின் துணியால் மேல்மையை வழித்தெடுங்கள். ஈரக் காகிதம், மேலே கம்பளம், உருளை அச்சுப்பொறி. கரண்டியால் தேய்த்து ஒப்பேற்ற முடியாது.

முதல் அச்சுப் படி வெளிறி வந்தால் தகட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இத்தாலிய ஓவியர் பிரனேசி தன் கற்பனைச் சிறைச்சாலைத் தகடுகளிலேயே மறுபடி கீறி, இன்னும் இருட்டாக்கி, புதிதாக இரண்டு சேர்த்து 1761இல் 16 படங்களாக வெளியிட்டார். நீங்களும் மெழுகு பூசி, மறுபடி கீறி, இன்னொரு தடவை இறக்குங்கள்.